முப்பதா, நாற்பதா? கார்ட் பந்தயத்தில் மூத்தோர் பிரிவின் வயதுக் கணக்கு

கார்ட் பந்தயத்தில் சிறுவர்களுக்கான வயது விதியைப் பற்றி யாரும் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. 8 வயதுப் பிள்ளையையும் 13 வயதுப் பையனையும் ஒரே பந்தயத்தில் விடக் கூடாது என்பதற்கு வாதம் தேவையில்லை. கால் பெடலுக்கு எட்ட வேண்டும், ஸ்டியரிங்கைத் திருப்பக் கையில் வலு வேண்டும், எஞ்சினின் வேகம் பிள்ளையின் பக்குவத்தை மீறக் கூடாது. சர்வதேச விதிகளில் ஜூனியர் பிரிவு 12 வயதை ஒட்டித் தொடங்குகிறது. 14, 15இல் சீனியர் வந்துவிடுகிறது. அதோடு சரி. அதற்கு மேல் பெரும்பாலான விதிப்புத்தகங்களில் வயது என்ற பேச்சே இல்லை. 15 வயது மாணவனும் 50 வயதுக் கடைக்காரரும் அந்தக் கணக்கில் ஒரே பிரிவு.

இதைச் சரிக்கட்டத்தான் பல நாடுகளில் ‘மாஸ்டர்ஸ்’ என்றும் ‘வெட்டரன்’ என்றும் மூத்தோர் பிரிவுகள் வந்தன. வந்ததும் புதிய தகராறு பிறந்தது. எத்தனை வயதானால் ஒருவர் மூத்தவர்? 30 போதும் என்கிறார் கிளப்பின் கணக்கைப் பார்ப்பவர். அப்போதுதான் ஆள் சேரும். 40க்குக் கீழே இறக்கினால் வண்டியை விற்றுவிடுவேன் என்கிறார் ஞாயிற்றுக்கிழமைக்காகவே வாரமெல்லாம் காத்திருக்கும் 52 வயதுக்காரர். வயதே வேண்டாம், எடையை வைத்துப் பிரியுங்கள் என்கிறார் மூன்றாமவர். மூவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: மூத்தோர் பிரிவின் வயது வரம்பு உடல் தளர்ச்சியை அளக்கும் கோலாகச் சரியாக வேலை செய்வதில்லை, வார இறுதி ஓட்டுநர்களைப் பந்தயத்தில் தக்கவைக்கும் வழியாகத்தான் வேலை செய்கிறது. வரம்பை எங்கே வைப்பது என்பதையும் அந்த நோக்கத்தைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

பெரியவர்கள் தொடங்கிய விளையாட்டு

கார்ட் பந்தயம் சிறுவர்களின் விளையாட்டாகப் பிறக்கவில்லை. 1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் குழாய்ச் சட்டத்தில் சிறிய எஞ்சின் ஒன்றைப் பொருத்தி முதல் கார்ட்டைச் செய்தார். இண்டியானாபொலிஸ் பந்தயத்துக்குக் கார் கட்டிய கர்ட்டிஸ் கிராஃப்ட் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். நண்பர் லூ பொரெல்லி கூட நின்றார். பாசடீனாவின் ரோஸ் பௌல் மைதான வாகன நிறுத்தத்தில் அதை ஓட்டிப் பார்த்துக் குதூகலித்தவர்கள் வேலைக்குப் போய் வந்த வளர்ந்த மனிதர்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் கார்ட் சங்கம் அமைந்தது. 1962இல் உலக மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்.ஐ.ஏ.வின் கீழ் சர்வதேச கார்ட் ஆணையம் உருவானது. 1964இல் உலக சாம்பியன் போட்டி தொடங்கியது.

பிறகு விளையாட்டின் முகம் மாறியது. ஃபார்முலா 1க்குப் போகும் பாதை கார்ட்டில் தொடங்குகிறது என்று ஆனதும் பெற்றோர்கள் பிள்ளைகளை 6, 7 வயதிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2013இல் பிரான்ஸின் வாரென் ஓடுதளத்தில் கே.இசட். பிரிவு உலகப் பட்டத்தை வென்றபோது அவருக்கு 16 வயது நிறையவில்லை. ஆறு கியர் கொண்ட 125 சி.சி. வண்டிகள் ஓடும் பிரிவு அது. அனுபவசாலிகளின் கோட்டை என்று பெயர். பொழுதுபோக்குக்காக ஓட்டும் 40 வயதுக்காரர் சீனியர் பிரிவில் மோத வேண்டியது இப்படிப்பட்ட பையன்களோடுதான். எல்லாரும் வெர்ஸ்டாப்பன் இல்லைதான். ஆனால் அந்த வழியில் போக நினைப்பவர்கள் நிறைய. பத்து ஆண்டுப் பயிற்சியும், கூடவே மெக்கானிக்கும், பந்தயத்துக்குப் பந்தயம் புது டயரும், சுற்றுக்குச் சுற்று தரவைப் பார்த்துத் திருத்தும் பயிற்சியாளரும் அவர்களுக்கு உண்டு.

விதிப்புத்தகங்களில் உள்ள எண்கள்

இன்று புழங்கும் வரம்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனம் உலகெங்கும் நடத்தும் மேக்ஸ் சேலஞ்ச் தொடரில் டி.டி.2 மாஸ்டர்ஸ் பிரிவுக்கு 32 வயது. எஃப்.ஐ.ஏ. அண்மைக் காலத்தில் கே.இசட்.2 வண்டிகளுக்கென ஏற்படுத்திய மாஸ்டர்ஸ் கோப்பைக்கு 35. அமெரிக்காவின் உள்ளூர்க் கிளப்புகளில் 30, 35, 40 என்று இடத்துக்கு இடம் மாறுகிறது.

மற்ற விளையாட்டுகளைப் பார்த்தாலும் இதே கதைதான். உலக மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலிருந்து பிரிவுகள் ஆரம்பம். மூத்தோர் நீச்சலில் 25 வயதே போதும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் மூத்தோர் சுற்றில் 30. ஆனால் இவற்றுக்கும் கார்ட் பந்தயத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தடகளம், நீச்சல், டென்னிஸ் மூன்றும் ஐந்தைந்து ஆண்டுகளாக மேலே பிரித்துக்கொண்டே போகின்றன. 35–39, 40–44, 45–49 என்று ஏணிப்படி போல நீள்கிறது. 60 வயதுக்காரர் 36 வயதுக்காரரோடு பதக்கத்துக்கு மோத வேண்டியதில்லை. கார்ட்டில் ஏணி கிடையாது; ஒரே ஒரு படிதான். அதைத் தாண்டினால் 33 வயதுக்காரரும் 63 வயதுக்காரரும் ஒரே கூட்டம். அந்த ஒற்றைப் படியை எங்கே வைப்பது என்பதில் இவ்வளவு சூடு கிளம்புவதற்குக் காரணம் இதுவே.

உடல் எவ்வளவு தளர்கிறது?

கார்ட் வண்டிக்கு சஸ்பென்ஷன் கிடையாது. சட்டமே வளைந்து கொடுத்துத்தான் வண்டி திரும்புகிறது. ஓடுதளத்தின் ஒவ்வொரு மேடு பள்ளமும் இருக்கை வழியாக விலா எலும்புக்குப் போகிறது. பவர் ஸ்டியரிங் இல்லாததால் முன்கை விறைக்கும். வேகமான திருப்பங்களில் ஹெல்மெட்டோடு சேர்ந்த தலையைக் கழுத்து தாங்கிப் பிடிக்க வேண்டும். 15, 20 நிமிட இறுதிப் பந்தயத்தில் இதயத் துடிப்பு பெரும்பாலும் உயர்ந்தே நிற்கும்.

உச்ச இதயத் துடிப்பை மதிப்பிட மருத்துவர்கள் பயன்படுத்தும் சூத்திரங்களில் ஒன்று, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது. 20 வயதில் 194, 35இல் 183 அல்லது 184, 50இல் 173. பயிற்சி இல்லாதவர்களிடம் முப்பதுக்குப் பிறகு ஆக்சிஜன் ஏற்புத் திறன் பத்தாண்டுக்குச் சுமார் பத்து விழுக்காடு குறைவதாகப் பொதுவாகச் சொல்வார்கள். எதிர்வினை நேரமும் வயதோடு மெல்லக் கூடுகிறது; ஆனால் அது மில்லி நொடிக் கணக்கு.

இந்த எண்களை அடுக்கிப் பார்த்தால் இறக்கம் இருப்பது தெரிகிறது. ஆனால் ‘இதோ இங்கே வரம்பைப் போடு’ என்று காட்டும் பள்ளம் எதுவும் இல்லை. 32இலோ 35இலோ 40இலோ உடலில் திடீரென்று எதுவும் நடந்துவிடுவதில்லை. பயிற்சி செய்கிறவர்களிடம் இறக்கம் இன்னும் மெதுவானது. 1981இல் பிறந்த ஃபெர்னாண்டோ அலோன்சோ 2023இல் ஃபார்முலா 1இல் எட்டு முறை மேடை ஏறினார். நடிகர் பால் நியூமன் 70 வயதில், 1995இல், டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் வென்ற அணியில் ஒருவராக இருந்தார். விதிவிலக்குகளை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனால் வயது மட்டுமே ஒருவரை மெதுவாக்கிவிடுகிறது என்ற வாதம் நிற்காது என்பதற்கு இவை சாட்சி.

அப்படியானால் சீனியர் பிரிவில் 45 வயதுக்காரர் பின்தங்குவது ஏன்? பெரும்பாலும் வண்டியில் உட்காரும் நேரம் குறைவு என்பதால். பையன் வாரத்தில் மூன்று நாள் ஓட்டுகிறான். இவர் மாதத்தில் ஒரு ஞாயிறு. அதோடு திங்கட்கிழமை என்று ஒன்று இருக்கிறது. விலா ஒடிந்தால் கடையைத் திறக்க ஆள் இல்லை. மணிக்கட்டு சுளுக்கினால் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவருக்குப் பிழைப்பே போயிற்று. முதல் திருப்பத்தில் இருபது வண்டிகள் ஒன்றாக நுழையும்போது இவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது இந்தக் கணக்கில்தான். பையனுக்கு அந்தக் கணக்கு கிடையாது. மோதல் எவ்வளவு பெரிய தலைவலி என்றால், 2015 வாக்கில் சர்வதேசப் பந்தயங்களில் வண்டியின் முன் பம்பரையே இடித்தால் நகர்ந்துவிடும் பிடிப்பில் மாட்ட வைத்தார்கள். பம்பர் நகர்ந்திருந்தால் நேரத் தண்டனை. அதுவே அந்தக் கூட்டத்தின் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறது. மூத்தோர் பிரிவைக் கேட்கிறவர்கள் மெதுவான பந்தயத்தைக் கேட்பதில்லை. தங்களைப் போலவே மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்களோடு ஓட்டக் கேட்கிறார்கள்.

எடைமேடையில் தெரிவது

வயதைவிட எடைதான் நியாயமான அளவு என்ற வாதத்தைப் புரிந்துகொள்ளப் பந்தயம் முடிந்த கையோடு எடைமேடைப் பக்கம் போக வேண்டும். ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து மேடையில் ஏற்றி, அதிலேயே உட்காருகிறார். வண்டியும் ஆளும் சேர்ந்த எடை அந்தப் பிரிவின் குறைந்தபட்ச எடைக்குக் கீழே இருந்தால் தகுதி நீக்கம். மேலே எவ்வளவு இருந்தாலும் யாரும் கேட்பதில்லை. அது அவர் பாடு.

குறைந்தபட்சம் 162 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வண்டி சுமார் 80 கிலோ. ஹெல்மெட், உடை, காலணி, கையுறை, விலாக் காப்பு எல்லாம் சேர்த்து 6 கிலோ. 58 கிலோ எடையுள்ள 16 வயதுப் பையன் உட்கார்ந்தால் 144. மீதி 18 கிலோவுக்கு ஈயக் கட்டிகளை இருக்கையில் போல்ட் போட்டு முடுக்கிவிடுகிறார்கள். அந்த ஈயத்தை இருக்கையின் அடியில் வைப்பதா, முதுகுப் பக்கம் ஏற்றுவதா என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் அவனுக்கு உண்டு. 86 கிலோ எடையுள்ள 44 வயதுக்காரர் உட்கார்ந்தால் 172. ஈயமே இல்லாமல் பத்து கிலோ கூடுதல். 162க்குப் பத்து என்றால் ஆறு விழுக்காடு. அதே எஞ்சின், அதே டயர். ஒவ்வொரு திருப்பத்திலிருந்தும் வெளியேறும்போது அந்த ஆறு விழுக்காட்டை அவர் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அவர் தோற்பதில் வயதுக்கு எவ்வளவு பங்கு, எடைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பிரிட்டனில் இதற்கு நேரடியான தீர்வு ஒன்று பிறந்தது. ‘ரோட்டாக்ஸ் 177’ என்ற பிரிவின் பெயரிலேயே அதன் எடை இருக்கிறது: 177 கிலோ. நம் 44 வயதுக்காரர் அங்கே ஐந்து கிலோ ஈயம் ஏற்றினால் சரிசமம். 58 கிலோ பையன் வர வேண்டுமானால் 33 கிலோ ஏற்ற வேண்டும், எனவே வருவதில்லை. வயதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமலே பிரிவு பெரும்பாலும் பெரியவர்களுடையதாகிவிடுகிறது. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த 19 வயதுக் கனத்த பையனுக்கும் இடம் கிடைக்கிறது. மூத்தோர் பிரிவு மட்டும் இருக்கும் ஊரில் அவன் எங்கும் சேராமல் நிற்பான்.

எடைக்கும் குறை உண்டு. 40 வயதுப் பெண் ஒருவர், 57 கிலோ. 177 பிரிவில் அவர் 34 கிலோ ஈயம் சுமக்க வேண்டும். அவ்வளவு ஈயம் ஏறினால் இருக்கை விரிசல் விடும். வண்டியின் வளைவுத் தன்மை மாறும். பந்தயத்துக்குப் பந்தயம் ஸ்டாண்டிலிருந்து வண்டியைத் தூக்கி இறக்குவதே தனி வேலை. மெலிந்த ஆண்களுக்கும் இதே கதி. மூத்தோர் பிரிவு என்றாலே கனத்த பிரிவு என்று கட்டிவிட்டால், மூத்தவர்களில் ஒரு பகுதியை வெளியே தள்ளிவிடுகிறோம். டி.டி.2 போன்ற வண்டிகள் இங்கே ஓரளவு உதவுகின்றன. இரண்டு கியர், ஸ்டியரிங்கிலேயே கியர் மாற்றும் பிடி, முன் சக்கரங்களுக்கும் பிரேக் எல்லாம் இருப்பதால் கனத்தவருக்கு ஏற்படும் பின்னடைவு குறைகிறது. அந்த வண்டியில் மூத்தோர் பிரிவு வேரூன்றியதில் வியப்பில்லை.

ஷூமாக்கர் கேள்வி

வயதை மட்டும் வைத்து வாசல் கட்டினால் யார் உள்ளே வருவார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஏழு முறை ஃபார்முலா 1 பட்டம் வென்ற மைக்கேல் ஷூமாக்கர் 2007இல் லாஸ் வேகாஸின் சூப்பர்நேஷனல்ஸ் கார்ட் பந்தயத்தில் ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 38. 35 வயது வரம்பை எழுத்துக்கு எழுத்து வாசித்தால் அவரும் ‘மாஸ்டர்’தான். ரூபன்ஸ் பாரிக்கெல்லோவும் ஃபார்முலா 1ஐ விட்ட பிறகு அதே பந்தயத்துக்கு வந்தவர்.

உள்ளூர்க் கிளப்புக்கு ஷூமாக்கர் வரப்போவதில்லை. ஆனால் அவருடைய சிறு வடிவங்கள் வருவார்கள். 8 வயதிலிருந்து ஓட்டி, தேசியப் பட்டங்கள் வாங்கி, பிறகு ஓர் அணியில் பயிற்சியாளராகச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு 32 வயது நிறைகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மூத்தோர் பிரிவில் முதல் வரிசையில் நிற்கிறார். 38 வயதில் முதல் வண்டியை வாங்கியவருக்கு அன்றோடு கோப்பைக் கனவு முடிந்தது. பிரிவுக்கு மதிப்பு கூடக் கூட, உலக இறுதிப் போட்டிக்கான அனுமதிச் சீட்டு போன்ற பரிசுகள் சேரச் சேர, இப்படிப்பட்டவர்களின் வரவும் கூடும். பரிசின் கனத்தைக் குறைப்பதே சில இடங்களில் நல்ல விதியாக இருக்கக்கூடும்.

இந்தச் சிக்கலுக்குக் கார் பந்தய உலகம் ஒரு வழி கண்டிருக்கிறது. நீண்டதூரப் பந்தயங்களில் எஃப்.ஐ.ஏ. ஓட்டுநர்களைப் பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் (வெண்கலம்) என்று தரம் பிரிக்கிறது. இந்த ஏற்பாட்டில் ஒருவரின் இன்றைய வயதோடு, முதல் பந்தய உரிமத்தை எந்த வயதில் வாங்கினார் என்பதும் கவனிக்கப்பட்டது. முப்பதைத் தாண்டிய பிறகு முதல் உரிமம் வாங்கியவர், ஒற்றை இருக்கைக் கார்களில் பெரிதாக அனுபவம் இல்லாதவர் என்றால் பிரான்ஸ். வயது முதிர்ந்த தொழில்முறை ஓட்டுநரின் தரத்தைப் படிப்படியாக இறக்கவும் இடம் வைத்தார்கள். ஆக, மூத்தவர் என்பதும் அமெச்சூர் என்பதும் இரண்டு வேறு கேள்விகள் என்று அந்த விதி ஏற்றுக்கொண்டது. கார்ட் பந்தயத்தின் மூத்தோர் விதிகளில் பல இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றன.

தரப் பிரிப்பும் தொல்லை இல்லாதது இல்லை. வேகமான பிரான்ஸ் ஓட்டுநருக்கு அணிகளிடையே கிராக்கி; தரத்தை இறக்கக் கோரும் மேல்முறையீடுகள் வேறு. அறுபது பேர் உள்ள கிளப்புக்கு அவ்வளவு பெரிய இயந்திரம் தேவையில்லை. தொடக்க வயது, தேசியப் பட்டம், பந்தயத்திலிருந்து வருமானம் ஆகிய மூன்று கேள்விகளை நுழைவுப் படிவத்தில் கேட்டாலே முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

பிறந்த நாளா, பிறந்த ஆண்டா?

வயதை எப்படி எண்ணுவது என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். தொடர் நடக்கும்போது அதுவே வழக்காகிவிடும். ஒருவருக்கு ஆகஸ்ட் 12இல் 35 நிறைகிறது. தொடர் பிப்ரவரியில் ஆரம்பம், நவம்பரில் முடிவு. பிறந்த நாளைப் பார்த்தால் அவர் ஆறு மாதம் சீனியரில் ஓட்டிவிட்டு, நடுவில் மூத்தோருக்கு மாற வேண்டும். சீனியரில் எடுத்த புள்ளி வீணாகும். மூத்தோரில் பட்டத்துக்குப் போதுமான பந்தயம் கிடைக்காது. இரண்டு பிரிவுக்கும் எடை வேறாக இருந்தால் ஈயம், இருக்கை, பல்சக்கரம் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும்.

அதனால் பெரும்பாலான தொடர்கள் ஆண்டை வைத்தே கணக்கிடுகின்றன: அந்தக் காலண்டர் ஆண்டுக்குள் குறித்த வயதை எட்டினால் ஜனவரியிலிருந்தே தகுதி. நீச்சலும் டென்னிஸும் இப்படித்தான் எண்ணுகின்றன. தடகளம் போட்டி தொடங்கும் நாளின் வயதைப் பார்க்கிறது. ஒரே வாரத்தில் முடியும் போட்டிக்கு அது பொருந்தும், ஆண்டு முழுக்க நீளும் தொடருக்குப் பொருந்தாது. டிசம்பர் 31இல் பிறந்தவர் ஏறக்குறைய ஓராண்டு முன்னதாகவே நுழைந்துவிடுவார் என்ற குறை உண்டு. ஆனால் வளர்ந்தவர்களிடையே ஓராண்டு பெரிய வேறுபாடு ஆகாது. சிறுவர் பிரிவில்தான் அது பெரும் அநியாயம்.

ஆள் எண்ணிக்கையும் மணிக்கணக்கும்

வயது வரம்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் மறக்கும் ஒன்று, பந்தய நாளின் அட்டவணை. ஒவ்வொரு பிரிவுக்கும் பயிற்சி, தகுதிச் சுற்று, இரண்டு முன்னோட்டப் பந்தயம், இறுதிப் பந்தயம். நடுவே வண்டிகளை வரிசைப்படுத்தவும், நின்றுபோனதை அகற்றவும் நேரம். ஒரு பிரிவைச் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அந்தப் பிரிவில் 25 பேர் ஓடினாலும் 5 பேர் ஓடினாலும் கொடி காட்டுபவர்கள், மருத்துவக் குழு, ஓடுதள வாடகை எல்லாம் ஒன்றுதான். ஐந்து பேருக்காகத் தனிப் பந்தி போட்டால் சமையல்காரரும் சலிப்பார், சாப்பிடுகிறவருக்கும் கல்யாணக் களை இருக்காது.

எனவே பிரிவு மெலியும்போதெல்லாம் கிளப்புகளுக்கு வரும் முதல் யோசனை வரம்பை இறக்குவது. 40ஐ 35 ஆக்கு, 35ஐ 30 ஆக்கு. முதல் ஆண்டு வரிசை நிரம்பும். ஆனால் புதிதாக வந்த 31 வயதுக்காரர்கள் முன்வரிசையைப் பிடித்ததும், யாருக்காகப் பிரிவு தொடங்கப்பட்டதோ அந்த ஐம்பதுகாரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். பெயர் மட்டும் மாஸ்டர்ஸ் என்று இருக்கும். ஓடுவது இன்னொரு சீனியர் பிரிவு. வரம்பை ஏற்றினால் எதிர்ப்பக்கத் தொல்லை: நேற்று வரை உள்ளே இருந்த 33 வயதுக்காரர் இன்று வெளியே. அவரை ஏற்கெனவே சேர்ந்தவர் என்ற முறையில் தொடர விடுவதே முறை. வாங்கிய வண்டிக்கு மரியாதை வேண்டும்.

தனிப் பிரிவு வைக்க ஆள் போதாத இடத்துக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. மூத்தோரை சீனியரோடு ஒரே ஓட்டத்தில் விட்டு, புள்ளியையும் கோப்பையையும் மட்டும் தனியாகக் கணக்கிடுவது. வேக வித்தியாசம் அதிகம் என்றால் மூத்தோர் கூட்டத்தைச் சில நொடிகள் பின்னால் தனியாகப் புறப்பட வைக்கலாம். ஆபத்து அதிகமான முதல் திருப்ப நெரிசல் இதனால் இரண்டாகப் பிரிகிறது. தனியாகக் கேட்டவர்களின் கோரிக்கையில் பாதிக்கு மேல் இதிலேயே நிறைவேறிவிடும்.

மேல் வரம்பு வேண்டுமா?

கீழ் வரம்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். 65க்கு மேல் ஓட்டக் கூடாது என்று மேல் வரம்பு போடலாமா? வேண்டியதில்லை. அந்த வேலையை மருத்துவப் பரிசோதனை இன்னும் நன்றாகச் செய்யும். எஃப்.ஐ.ஏ.வின் சர்வதேச உரிம விதிகளில் 45 வயதைத் தாண்டியவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இதயத்துக்கு உழைப்புப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. உள்ளூர்ப் பந்தயங்களும் இதைப் பின்பற்றலாம். 68 வயதில் தேறுகிறவரை வெளியே நிறுத்துவதும், 47 வயதில் அடைப்புள்ள இதயத்தோடு வருபவரைக் கேள்வி கேட்காமல் விடுவதும் ஒரே தவற்றின் இரண்டு பக்கம்.

சட்டக் கோணமும் உண்டு. வயதால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், அதன் 195ஆம் பிரிவில் வயதுவாரியான விளையாட்டுப் போட்டிகளுக்கு விலக்கு தருகிறது. ஆனால் காரணம் இருக்க வேண்டும்: நியாயமான போட்டி, பாதுகாப்பு, தேசிய அல்லது சர்வதேசப் போட்டி விதிகளுக்கு இணங்குதல், பங்கேற்பைப் பெருக்குதல். இந்த நான்கில் ஒன்றாவது பொருந்தியாக வேண்டும். வேறு நாட்டுக் கிளப்புகளும் தங்கள் விதியை எழுதும்போது இந்த நான்கையும் கேட்டுக்கொள்வது நல்லது. மேலே பார்த்த வரையில், நியாயமான போட்டி என்ற காரணத்தை வயதைவிட எடையும் அனுபவமும் நன்றாகக் காப்பாற்றுகின்றன. பாதுகாப்பை மருத்துவமும் புறப்பாட்டு முறையும் காப்பாற்றுகின்றன. வயது வரம்பு நேராக நிறைவேற்றுவது நான்காவதை, பங்கேற்பைத்தான்.

நம் பக்கம்

தமிழ்நாட்டுக்குப் பந்தயம் புதிதல்ல. சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் தொடங்கி, 1990இல் இருங்காட்டுக்கோட்டை, பிறகு கோவையில் பந்தய ஓட்டுநர் கரிவரதன் பெயர் தாங்கிய காரி மோட்டார் ஸ்பீட்வே என்று ஓடுதளங்கள் வந்தன. இருங்காட்டுக்கோட்டையிலேயே கார்ட்டுக்கென்று தனி ஓடுதளமும் இப்போது இருக்கிறது. ஆனால் இந்தியாவின் தேசிய ரோட்டாக்ஸ் தொடர் நெடுங்காலமாக மைக்ரோ, ஜூனியர், சீனியர் என்ற மூன்று பிரிவுகளையே முதுகெலும்பாகக் கொண்டது. பிள்ளைகளை ஃபார்முலா கார் வரை ஏற்றிவிடும் ஏணி அது. அலுவலகம் போய்வரும் 40 வயதுக்காரருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் வாடகை கார்ட் மையம்தான். அங்கே 60 கிலோக்காரரும் 95 கிலோக்காரரும் ஒரே மாதிரி வண்டியில் ஏறி நேரத்தை ஒப்பிட்டுக்கொள்கிறார்கள்.

ஆசை இல்லாமல் இல்லை. 1971இல் பிறந்த நடிகர் அஜித் குமார் 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குச் சொந்த அணியோடு போய், அந்த அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, ஐம்பதைத் தாண்டியும் பந்தயம் ஓட்டலாம் என்பது இங்கே வீட்டுப் பேச்சானது. அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்களுக்குக் கார்ட்தான் வழி. ஆனால் வரிசை மெலிந்த இடத்தில் வெளிநாட்டு விதியை அப்படியே நகலெடுத்துத் தனிப் பிரிவு தொடங்கினால் மூன்று வண்டிகள்தான் நிற்கும். இங்கே தொடங்க வேண்டியது சீனியருக்குள் ஒரு மூத்தோர் கோப்பை. அதில் பத்துப் பேர் நிலையாக வந்த பிறகு தனிப் பிரிவைப் பற்றிப் பேசலாம்.

ஒரு கிளப் எழுதக்கூடிய விதி

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நடுத்தரக் கிளப் ஒன்றுக்கு நான் பரிந்துரைப்பது இது. நுழைவு வயது 35; அந்தக் காலண்டர் ஆண்டுக்குள் எட்டினால் போதும். 30 என்றால் சீனியரிலிருந்து இறங்கி வரும் கூர்மையான ஓட்டுநர்களின் கூடாரமாகிவிடும். 40 என்றால் பிள்ளை பெற்று, வீடு கட்டி, கொஞ்சம் கையில் காசு புரளத் தொடங்கும் வயதினரை வெளியே நிறுத்திவிடும். முப்பதுக்குப் பிறகு முதல் உரிமம் வாங்கியவர்களுக்கு மட்டும் 32இலேயே கதவைத் திறக்கலாம். கடந்த ஐந்து ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றவர்களும் பந்தயத்தைத் தொழிலாகக் கொண்டவர்களும் ஓட்டலாம், ஆனால் கோப்பைக்குப் புள்ளி கிடையாது.

குறைந்தபட்ச எடை சீனியரைவிடப் பத்து, பன்னிரண்டு கிலோ கூடுதலாக இருக்கட்டும். மெலிந்தவர்கள் ஏற்ற வேண்டிய ஈயத்துக்கு ஓர் உச்சவரம்பும் வைக்க வேண்டும். உள்ளே 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் புள்ளிப்பட்டியலும் தனிக் கோப்பையும். தனி ஓட்டம் வேண்டாம். 45க்கு மேல் இதயப் பரிசோதனைச் சான்று. மேல் வரம்பு இல்லை. பரிசு கோப்பையோடு நிற்கட்டும். பணமோ வெளிநாட்டுச் சீட்டோ சேர வேண்டாம். விதி மாறினால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் தொடரலாம்.

மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நுழைவுப் பட்டியலை எடுத்து இரண்டே கேள்விகளைக் கேட்க வேண்டும். முப்பதுக்குப் பிறகு முதல் வண்டி வாங்கியவர்கள் எத்தனை பேர் இன்னும் ஓட்டுகிறார்கள்? ஐம்பதைத் தாண்டியவர்கள் கூடினார்களா, குறைந்தார்களா? இரண்டும் ஏறுமுகம் என்றால் 35 என்ற எண் சரி. இறங்குமுகம் என்றால் எண்ணை மாற்றத் தயங்கக் கூடாது.